ஒன்றரை ஷிப்டின் மறுபாதி
பனியன் ஊரின் வரலாறு – 12

திருப்பூரில் 1984ஆம் ஆண்டு நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். பஞ்சப்படிக்காக நடந்த போராட்டம் அது. சங்கங்கள் என்ன கேட்டன, முதலாளிகள் ஏன் மறுத்தார்கள், பேச்சுவார்த்தை எங்கே முறிந்தது என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி வாங்கி அரிசி வாங்கிய குடும்பங்கள் பதினெட்டுச் சனிக்கிழமைகளை எப்படித் தாண்டின? எந்தத் தோடு அடகுக் கடைக்குப் போனது, எந்தக் காட்டில் களை வெட்டிக் கிடைத்த காசில் அடுப்பு எரிந்தது என்பதைப் பற்றிப் போராட்ட வரலாறுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. அந்தக் கணக்கு பெண்களிடம் இருந்தது. அவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

ஆகவே இந்த இதழில் ஓனர்களையும் சங்கத் தலைவர்களையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஊர் யாருடைய நேரத்தைக் காசு கொடுத்து வாங்கியது, யாருடைய நேரத்தைச் சும்மா எடுத்துக்கொண்டது என்று பார்ப்போம்.

பனியனுக்கு முன்னால் திருப்பூர் கதருக்குப் பேர்போன ஊர். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. சுற்றியுள்ள கிராமங்களில் நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். பஞ்சை வாங்கிப்போய், காட்டு வேலையும் வீட்டு வேலையும் முடிந்த நேரத்தில் ராட்டையில் நூற்று, சிட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிடைத்த கூலி சில பைசாக்கள். அதைப் பெரிய அநியாயமாக அன்று யாரும் நினைக்கவில்லை. நூற்பது ஓய்வு நேரத்து வேலைதானே, வந்தவரை லாபம் என்பது கதர் இயக்கத்தின் பொது எண்ணமாக இருந்தது.

இந்த எண்ணத்தை உடைத்தவர் காந்தியே. 1935ஆம் ஆண்டு, நூற்பவர்களுக்கு வயிறார உண்ணும் அளவுக்காவது கூலி தந்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். எட்டு மணி நேரம் நூற்றால் எட்டணா என்பது அவர் மனத்தில் இருந்த அளவு. கதர் விலை ஏறிவிடும், விற்பனை படுத்துவிடும் என்று சங்க ஊழியர்களே அஞ்சினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கூலியை உயர்த்தச் சங்கம் தீர்மானித்தது. ஆனால் எட்டணாவுக்கு வெகுவாகக் கீழேதான் தொடங்க முடிந்தது. இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பெண்ணின் உழைப்புக்கு விலை வைக்கும்போதெல்லாம் அவளுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது, இது மேற்காசு என்று நினைக்கும் பழக்கம் பனியன் கம்பெனிகள் கண்டுபிடித்ததல்ல. அவை வருவதற்கு முன்பே ஊரில் அது வேர்விட்டிருந்தது.

1925 வாக்கில் குலாம் காதர் கல்கத்தாவிலிருந்து பின்னல் எந்திரங்களைக் கொண்டுவந்து பேபி நிட்டிங் கம்பெனியைத் தொடங்கியதை இத்தொடரின் தொடக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் பனியன் கம்பெனி என்பது ஆண்களின் இடமாகவே இருந்தது. பின்னல் எந்திரம், கட்டிங், தையல், அயர்ன் எல்லாவற்றிலும் ஆண்கள், எடுபிடிக்குச் சிறுவர்கள். பெண்கள் இல்லாமல் இல்லை. தைத்துவந்த பனியனைக் கையால் மடிப்பதும், பிசிறு வெட்டுவதும், அடுக்கிக் கட்டுவதும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. கைமடி என்றால் பெண் என்று ஆகிவிட்டிருந்தது. அந்த வேலைக்கு விரலில் வேகமும் கண்ணில் கூர்மையும் வேண்டும். நாளெல்லாம் குனிந்தே இருக்க வேண்டும். ஆனால் கூலிப் பட்டியலில் அதன் இடம் கடைசி வரிசை.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைப் பார்க்க வேண்டும். 1975ஐ உலகப் பெண்கள் ஆண்டாக ஐ.நா. அறிவித்தபோது, இந்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவே மறு ஆண்டில் சம ஊதியச் சட்டம் 1976 ஆனது. ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது அது. நல்ல சட்டம். ஆனால் திருப்பூரின் கூலி ஒப்பந்தங்கள் வேலையின் பெயரில் எழுதப்படுகின்றன: கட்டிங், டைலர், அயர்ன், பேக்கிங், செக்கிங், லேபிள், கைமடி, டேமேஜ், அடுக்கிக் கட்டல். மேல்வரிசை வேலைகளில் பெண் இல்லாமலும், கீழ்வரிசை வேலைகளில் ஆண் இல்லாமலும் பார்த்துக்கொண்டால் ஒப்பிட ஆளே கிடையாது. சட்டத்தை மீறாமலே கூலியைப் பிரித்துவிடலாம். கட்டிங் மாஸ்டரின் வேலைக்குத் திறமை என்று பெயர். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பீஸ் பார்த்து, ஊசி விட்ட இடத்தையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடிக்கும் செக்கிங் பெண்ணின் வேலை பழக்கம் என்ற கணக்கில் போய்விட்டது.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் இவ்வூரைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானவர்கள் இங்கே ஏராளம் என்பதும், தங்கள் உயர்வுக்குக் காரணம் கேட்டால் அவர்கள் உழைப்பு என்றே சொல்வதும் அவருடைய ஆய்வின் மையம். வெள்ளாளக் கவுண்டர் வீட்டுப் பிள்ளை தோட்டத்தை விட்டு வந்து, மெஷினோடு மெஷினாக நின்று, பிறகு நாலு மெஷின் சொந்தமாகப் போட்ட கதை பொய்யல்ல. ஆனால் அந்தக் கதையில் உழைப்பு என்ற பட்டத்துக்கு உரியவர் ஆண் ஒருவரே. பொண்டாட்டியின் நகையை வைத்துத்தான் முதல் மெஷின் போட்டேன் என்று நெகிழ்ந்து சொல்லும் பழைய ஓனர்களை ஊரில் இன்றும் காணலாம். நகையை நினைவில் வைத்திருக்கிறார்கள். தாங்கள் ராப்பகலாகக் கம்பெனியில் கிடந்த ஆண்டுகளில் ஆக்கிப் போட்டு, பிள்ளை வளர்த்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, வேலையாட்களுக்கும் சேர்த்துச் சமைத்த கையை முதலீட்டுக் கணக்கில் சேர்த்தவர்கள் அரிது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1970களின் கடைசியில் ஐரோப்பியக் கொள்முதல்காரர்களின் கண் திருப்பூரின் மேல் பட்டது. 1980களின் நடுவில் ஏற்றுமதி வேகமெடுத்தது. உள்நாட்டு வெள்ளைப் பனியனுக்கு இரண்டு மூன்று தையல் போதும். வெளிநாட்டுக்குப் போகும் டி-சர்ட்டுக்குக் காலர், பட்டி, பிரின்ட், எம்பிராய்டரி, லேபிள், ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து செக்கிங் என்று வேலை பெருகியது. 127 நாள் போராட்டத்தைப் பார்த்த முதலாளிகள் ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்து வைப்பதையும் விரும்பவில்லை. வேலை ஜாப் ஒர்க்காக, பவர் டேபிள் எனும் சிறு தையல் கூடமாக, காண்ட்ராக்டாகப் பிரிந்து தெருத்தெருவாகப் போயிற்று. பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தது இந்தக் கட்டத்தில். 1990களில் அவர்கள் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் உட்கார்ந்தார்கள். தெற்கே மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். 2002இல் என். நீதா எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது: தொழிலில் பெண்கள் பெருகியதும், அந்தத் தொழில் அமைப்பில்லாமல் சிதறியதும் கூடவே நடந்தன. கதவு அவர்களுக்குத் திறந்தபோது உள்ளே சங்கமும் நிரந்தர வேலையும் இல்லை.

*

இந்த ஊரில் மாதச் சம்பளம் கேட்பவர்கள் குறைவு. வேலை கேட்டு வருகிறவரிடம் "ஒன்னு போடறீங்களா, ஒன்னரை போடறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு ஷிப்ட் என்பது எட்டு மணி நேரம். ஒன்றரை என்றால் பன்னிரண்டு. காலை எட்டரைக்குப் போனால், சாப்பாடும் டீயும் உட்பட, திரும்ப இரவு எட்டரை ஒன்பது. கப்பலுக்குச் சரக்குப் போகவேண்டிய நாளென்றால் இரண்டு ஷிப்டும் உண்டு.

தொழிற்சாலைச் சட்டம் 1948, ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி தரவேண்டும் என்றது. திருப்பூரில் அதற்கு அரை ஷிப்ட் என்று பெயர் வைத்து, அரைக் கூலியோடு முடித்துக்கொள்வது ஊர்ப்பழக்கமாகிவிட்டது. ஒரு ஷிப்ட் கூலியில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் தொழிலாளிகளே ஒன்றரையைக் கேட்டு வாங்குகிறார்கள். அவர்களே விரும்புகிறார்கள் என்று ஓனர்கள் சொல்வது இதைத்தான்.

ஒன்றரை ஷிப்ட் போடுகிறவருக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். விடியற்காலையில் டிபன் பாக்ஸ் கட்டவும், தண்ணீர் பிடிக்கவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிப் பின் கூட்டிவரவும், காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கவும் ஒருவர் இருந்தாக வேண்டும். தண்ணீரை நான் சும்மா சேர்க்கவில்லை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, கிணறுகள் கெட்டு, குடிநீருக்குக் குடத்தோடு நின்ற ஆண்டுகளை இந்த ஊர்ப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாயப்பட்டறைகள் செய்யாமல் விட்ட செலவு லைன் வீட்டுக் குழாயடியில் வந்து விழுந்தது.

ஆண் ஒன்றரை ஷிப்ட் போட்டால் அந்த ஆள் அவன் மனைவி. மனைவியும் ஒன்றரை போட்டால்? விடிவதற்கு முன்னும் படுப்பதற்கு முன்னும் அவளே அந்த ஆளும் ஆகிறாள். அல்லது ஊரிலிருந்து தன் அம்மாவை வரவழைக்கிறாள். அல்லது பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வருகிறாள். அல்லது மூத்த பெண் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இந்த நான்கும் இல்லாதவள் கம்பெனியை விட்டு நிற்கிறாள். அதனால்தான் கல்யாணத்துக்கு முன் டைலராக இருந்தவள், பிள்ளை பெற்று இரண்டு மூன்று வருடம் கழித்து வரும்போது பல இடங்களில் ஹெல்பராகவே சேர்கிறாள். நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகும் வேலை பீஸ் ரேட்டிலும் சின்ன காண்ட்ராக்டரிடமும்தான் கிடைக்கிறது. ஈ.எஸ்.ஐ., பி.எஃப். அங்கே கிடையாது.

கீர்ட் டி நெவ், கிரேஸ் கார்ஸ்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பகுதிக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து எழுதியவை இதற்குத் துணை நிற்கின்றன. வெளிநாட்டுக் கம்பெனிகளின் தணிக்கைக்கு உட்பட்ட பெரிய பேக்டரிகளில் விதிகளும் வசதிகளும் அதிகம். இருந்தும் பல தொழிலாளிகள் சிறிய இடத்தையே விரும்பினார்கள். அங்கே மதியம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய்வர முடியும். தாமதமாக வந்தால் கேட் மூடாது. நூறுநாள் வேலையைப் பற்றி 2014இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் வேறொரு பக்கம் தெரிகிறது. பஸ் ஏறினால் திருப்பூர், அங்கே கூலியும் அதிகம். ஆனாலும் கிராமத்துத் தலித் பெண்களில் கணிசமானவர்கள் ஊரிலேயே கிடைத்த நூறுநாள் வேலையைப் பற்றிக்கொண்டார்கள். பிள்ளையையும் மாட்டையும் முதியவரையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் வெளியே போக முடியாது என்பது முக்கியக் காரணம்.

நூறுநாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விதி இருந்தது. வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமிக்க வேண்டும். மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தரும் அதே கூலியை அவருக்கும் தரவேண்டும். குழந்தை பார்ப்பது வேலை, அதற்குக் கூலி உண்டு என்று ஓர் இந்தியச் சட்டம் நேராகச் சொன்ன இடங்களில் இது ஒன்று. பல ஊர்களில் அது நடைமுறைக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனாலும் வேப்பமரத்தடியில் தூளி கட்டி ஆட்டிய கையையும் வேலையாள் என்று எழுதிய சட்டம் அது. கோடிக்கணக்கில் டாலர் ஈட்டும் தொழிலின் ஒப்பந்தப் பட்டியலில் இன்றுவரை அப்படியொரு வரி இடம்பெறவில்லை.

கம்பெனிகளுக்குச் சட்டம் இல்லாமலா? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். 2017இல் பேறுகாலப் பலன் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது ஊழியர்கள் இருந்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்றார்கள். சம்பளத்தோடு விடுப்பும் 26 வாரமாயிற்று. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் இந்தக் காப்பகங்களைப் பார்க்கலாம். சுத்தமான அறை, சுவரில் படங்கள், சில நேரங்களில் குழந்தைகளும் உண்டு. ஊரின் வேலையில் பெரும்பங்கு நடக்கும் இருபது மெஷின் பவர் டேபிளை இந்த எண்ணிக்கைகள் எட்டுவதே இல்லை. காண்ட்ராக்டர் கணக்கில் வேலை செய்கிறவளுக்கு ஈ.எஸ்.ஐ. எண் இல்லையென்றால் 26 வாரமும் இல்லை. சென்னை மாகாணம் பேறுகாலப் பலன் சட்டத்தை 1934லேயே நிறைவேற்றியது. தொண்ணூறு ஆண்டு பழமையுள்ள உரிமை அது.

இரவு வேலையின் கதையையும் சொல்லியாக வேண்டும். இரவு ஏழு முதல் காலை ஆறு வரை பெண்களைத் தொழிற்சாலையில் அமர்த்தக்கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவு செல்லாது என்று 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு தொடுத்தவர்களில் ஒரு பெண் தொழிலாளியும் இருந்தார், மில்களும் இருந்தன. பெண் என்ற ஒரே காரணத்தால் வேலையை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு என்று நிபந்தனைகளும் விதித்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் ஆண் படுத்துத் தூங்குகிறார், பெண் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அதை எந்த நீதிமன்றமும் உத்தரவு போட்டு மாற்ற முடியாது.

நூற்பு மில்கள் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டன. வீட்டுப் பொறுப்பு இல்லாத இளம்பெண்களை மட்டும் தேடிப்பிடித்து விடுதியில் வைத்தன. மூன்று ஆண்டு வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்ற சுமங்கலித் திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியது. விடுதிக்கு வெளியே போகத் தடை, நோய் வந்து பாதியில் நின்றால் பணமில்லை என்பன போன்ற அவலங்கள் 2011இல் வெளியான சர்வதேச அறிக்கைகளால் உலகக் கவனத்துக்கு வந்தன. ஆணோ பெண்ணோ, வீட்டில் யாரையும் கவனிக்கத் தேவையில்லாத உடம்புதான் முதலாளிக்கு உகந்த தொழிலாளி. அந்த எண்ணத்தின் கடைசி எல்லை சுமங்கலித் திட்டம். 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் எதிர்த்திசையில் ஓர் அடி. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம், திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும், பாலியல் தொல்லைக்கு எதிராக, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. ஓர் இளம்பெண்ணின் கொலைக்குப் பிறகே அது சாத்தியமாயிற்று. அதைத் தனி இதழில் விரிவாக எழுதுவேன்.

*

வீட்டு வேலைக்கு விலை உண்டா என்ற கேள்வியை உலகம் அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் வேலைக்குப் போகாமலும், வீட்டில் சமைக்காமலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், படித்த அமெரிக்கப் பெண்களின் ஊதியம் பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏன் பின்தங்குகிறது என்று ஆராய்ந்து, நீண்ட, வளையாத நேரத்துக்கு அதிகச் சம்பளம் தரும் வேலைகளைக் காரணமாகக் காட்டினார். சிகாகோ வழக்கறிஞருக்கும் திருப்பூர் அனுப்பர்பாளையத்து ஓவர்லாக் டைலருக்கும் வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். நேரத்தின் கணக்கில் இருவரும் ஒரே இடத்தில் இடறி விழுகிறார்கள்.

நம் நாட்டின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். பிள்ளைகளையும் முதியோரையும் கவனிப்பது இதற்கு மேல் தனி. தமிழ்நாடு இந்த வேலையைக் கண்டுகொள்ளாத மாநிலமல்ல. 1982இல் வந்த சத்துணவு, பிறகு காலை உணவு இரண்டும் லட்சக்கணக்கான தாய்மார்களின் காலைப் பொழுதைக் கொஞ்சமேனும் இலகுவாக்கின. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயை உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொல்லிக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பெழுதினார். அவள் வீட்டைத் தாங்கியதால்தான் அவர் சம்பாதிக்க முடிந்தது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். திருப்பூரின் ஒவ்வொரு ஒன்றரை ஷிப்டுக்கும் இந்த வாதம் அப்படியே பொருந்தும்.

அதே ஆண்டு ஏப்ரலில்தான் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சங்கங்கள் அதை வெற்றியாகக் கொண்டாடியது நியாயம். ஆனால் இந்த ஊரில் பன்னிரண்டு மணி நேரம் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அது நாற்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அடுத்த கூலி ஒப்பந்தத்துக்குச் சங்கங்கள் உட்காரும்போது சதவீதத்தை மட்டும் பேசினால் போதாது. எட்டு மணி நேரக் கூலியில் ஒரு குடும்பம் வாழ முடிய வேண்டும் என்பது முதல் கோரிக்கையாக வேண்டும். கம்பெனிக்குள் காட்சிக்கு வைத்த காப்பகத்துக்குப் பதில், லைன் வீடுகளுக்கு நடுவே, பல சிறு கம்பெனிகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்து நடத்தும் காப்பகங்கள் வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு டைலர் கூலி வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் பெண்கள் உட்கார வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1984க்கு முன் கைமடியிலும் செக்கிங்கிலும் இருந்த பெண்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு அம்மாவோ அத்தையோ அப்பத்தாவோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள், அந்த 127 நாட்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி இதழுக்கு அனுப்புங்கள்.